எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்: தொலைதூர விமானப் பயணத்தை நீங்களே கணக்கிடும் முறை

நியூயார்க்கிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம் என்று தேடினால் நொடியில் ஓர் எண் வந்துவிடும். பக்கத்திலேயே பயண நேரம் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். டிக்கெட்டில் அதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். புறப்படும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலோ 28 மணி நேரம் என்று வந்து பயமுறுத்தும். இதில் எதுவும் பொய் இல்லை. தூரம் என்பது ஒரே எண். நேரம் என்பது மூன்று நான்கு வெவ்வேறு எண்கள். முதல் தடவை நீண்ட தூரம் பறக்கப்போகிறவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நியூயார்க்–டோக்கியோவையே உதாரணமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உங்கள் ஊர்கள் எவையானாலும் முறை இதேதான்.

முதல் படி: ஊர் பெயரை விடுங்கள், குறியீட்டைப் பிடியுங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) அமைப்பு தரும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. நியூயார்க்கின் கென்னடி நிலையம் ஜேஎஃப்கே (JFK), டோக்கியோவின் நரிட்டா என்ஆர்டி (NRT), ஹனேடா எச்என்டி (HND). தேடுவதானாலும் டிக்கெட் போடுவதானாலும் இந்தக் குறியீட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி இருப்பதுபோல் கனடாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது, அங்கும் விமான நிலையம் உண்டு. சான் ஹோசே கலிஃபோர்னியாவிலும் உண்டு, கோஸ்டா ரிகாவிலும் உண்டு. லண்டன் என்றால் ஹீத்ரோவா, காட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா என்று கேள்வி வரும். பெரிய நகரங்களுக்கு எல்லா நிலையங்களையும் சேர்த்துப் பொதுவாக ஒரு நகரக் குறியீடும் உண்டு. தேடும்போது அது வசதி, ஆனால் பணம் கட்டும் முன் எந்த நிலையம் என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: நேர்த்தூரம்

விமானத் தூரம் என்று இணையதளங்கள் காட்டுவது பெருவட்டத் தூரம். பூமிப் பந்தின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி அது. வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊர்களிலும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், நூல் போகும் வழிதான் பெருவட்டம். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இதே வழி வில்லாக வளைந்து தெரியும். "ஏன் இவ்வளவு சுற்றிப் போகிறார்கள்?" என்று பலரும் கேட்பதற்கு அந்த வரைபடம்தான் காரணம், விமானம் சுற்றவில்லை.

கையால் போட்டுப் பார்க்க ஆசையிருந்தால் அறிவியல் கால்குலேட்டர் போதும். இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். கென்னடி நிலையம் 40.64 டிகிரி வடக்கு, 73.78 டிகிரி மேற்கு. நரிட்டா 35.76 டிகிரி வடக்கு, 140.39 டிகிரி கிழக்கு. தெற்கையும் மேற்கையும் கழித்தல் குறியோடு எழுத வேண்டும்.

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.6513 × 0.5844 = 0.3806. அப்புறம் அவற்றின் கொசைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.7588 × 0.8115 = 0.6158. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 140.39 − (−73.78) = 214.17 டிகிரி. பூமியின் மறுபக்கமாகப் பார்த்தால் 145.83. எதை எடுத்தாலும் கொசைன் ஒன்றுதான், −0.8274, அதனால் 360-இலிருந்து கழிக்க மறந்தாலும் பாதகமில்லை. இதை 0.6158-ஆல் பெருக்கினால் −0.5095. முதலில் வந்த 0.3806-ஐக் கூட்டினால் −0.1289. இதற்கு எதிர்க் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) பார்த்தால் 97.41 டிகிரி. பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது 111.19 கி.மீ. பெருக்கினால் சுமார் 10,830 கி.மீ. இதுதான் விடை.

கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் விடை தாறுமாறாக வரும், டிகிரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விரிதாளில் போடுபவர்களுக்கு நேர் எதிர்: அங்கே சைனும் கொசைனும் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். விடை 20,000 கி.மீ.யை நன்றாகத் தாண்டிவிட்டால் எங்கோ தவறு என்று அர்த்தம். பூமியின் சுற்றளவில் பாதி கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதற்கு மேல் எந்த இரண்டு நிலையங்களும் விலகியிருக்க முடியாது.

ஒரு தளத்தில் 10,830 என்றும் இன்னொன்றில் அதைவிட இருபது முப்பது கி.மீ. கூடுதலாகவும் இருந்தால் கவலைப்பட வேண்டாம். நாம் பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் துருவங்களில் அது கொஞ்சம் தட்டை. இதனால் வரும் பிழை அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் எண் பெரிதாக மாறுகிறது என்றால் அலகைப் பாருங்கள். ஒரு மைல் 1.609 கி.மீ., விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கி.மீ. வெறுமனே "மைல்" என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று கேட்டே ஆக வேண்டும்.

இந்தப் பெருவட்டம் எங்கே போகிறது என்பதுதான் சுவாரசியம். நியூயார்க்கும் டோக்கியோவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைப் பட்டையில் இருக்கின்றன. ஆனால் மேற்கே பார்த்து நேராகப் போனால் சுமார் 12,700 கி.மீ. ஆகும். பெருவட்டமோ வட கனடா வழியாக ஏறி, கிட்டத்தட்ட 70 டிகிரி வடக்கைத் தொட்டு, அலாஸ்காவின் வடகோடி வழியாக இறங்குகிறது. மிச்சம் 1,900 கி.மீ., அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

மூன்றாம் படி: உண்மையில் பறக்கும் தூரம்

விமானம் அந்த நூலின் மேலேயே போவதில்லை. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்பித்தான் திரும்ப வேண்டும். இறங்கும்போதும் வரிசையில் நின்று சுற்றி வர வேண்டியிருக்கும். புயல் மேகம், காற்று, மூடப்பட்ட வான்வெளி எல்லாம் வழியை மாற்றும். இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு: ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேரும்படி ஏதாவது ஒரு நிலையம் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தென்கோளத்துக் கடல்களின் மேல் இது நன்றாகவே உறைக்கும். சாதாரண நாளில் இதெல்லாம் சேர்த்து நேர்த்தூரத்தோடு 3 முதல் 5 சதவீதம் கூட்டிக்கொண்டால் போதும் என்பது என் கணக்கு.

சாதாரணமில்லாத வழிகளும் உண்டு. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்டபோது ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் சுமார் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து 13 மணி நேரமாக நீண்டது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. பெருவட்டத் தூரம் ஒரு கி.மீ.கூட மாறவில்லை. அதனால்தான் தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்லும் தளங்களை நான் முதல் மதிப்பீட்டுக்கு மேல் நம்புவதில்லை.

அப்படியானால் நேர்த்தூரம் எதற்கு? பணத்துக்கு. விமானத் தாமதத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி இழப்பீட்டைப் பெருவட்டத் தூரத்தை வைத்துத்தான் பிரிக்கிறது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, பெரும்பாலான நீண்ட பயணங்கள் அடங்கும் 3,500 கி.மீ.க்கு மேல் 600 யூரோ வரை. இடையில் வேறு ஊரில் மாறிப் போயிருந்தாலும் முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையேயுள்ள நேர்த்தூரம்தான் கணக்கு, சுற்றிப்போன தூரம் அல்ல.

நான்காம் படி: தூரத்தை மணியாக்குவது

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற நீண்ட தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் சுமார் 85 சதவீத வேகத்தில் பறக்கின்றன. அந்த உயரத்தில் வெளியே வெப்பநிலை மைனஸ் 56 டிகிரியை ஒட்டி இருப்பதால் ஒலியின் வேகமே குறைந்து மணிக்கு 1,060 கி.மீ. அளவில்தான் இருக்கும். ஆக, விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. ஏ320, 737 வகைச் சிறிய விமானம் என்றால் 830 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் உதாரணம். 10,830-உடன் 4 சதவீதம் கூட்டினால் சுமார் 11,260 கி.மீ. 900-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மணி நேரம். தரையில் ஊர்ந்து போவது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாவற்றுக்கும் 40 நிமிடம். மொத்தம் 13 மணி 10 நிமிடம்.

இதோடு காற்றையும் சேர்க்க வேண்டும். தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று ஓடுகிறது. நடுவில் மணிக்கு 200 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும், குளிர்காலத்தில் இன்னும் கடுமை. கிழக்கே போகும் விமானத்துக்கு அது பின்னிருந்து தள்ளும் காற்று; மேற்கே போவதற்கு எதிர்காற்று. நீண்ட பயணத்தில் இரண்டு பக்கமும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் என்று கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். நம் வழியில் டோக்கியோவிலிருந்து கிழக்கே வர 12½ மணியை ஒட்டியும், நியூயார்க்கிலிருந்து மேற்கே போக 14 மணியை ஒட்டியும் வரும். அட்டவணைகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கின்றன, கிழக்குப் பயணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து 13 என்று போட்டிருப்பார்கள். லண்டன்–நியூயார்க்கிலும் இதே கதை: போக சுமார் 8 மணி, திரும்பி வர சுமார் 7.

காற்று எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு 2020 பிப்ரவரி ஓர் உதாரணம். சியாரா புயல் சமயத்தில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனால் தன்னைச் சுற்றியுள்ள காற்றில் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. 4,500 கி.மீ. தூரத்தை 900-இல் போய்வந்தால் 10 மணி நேரம். 100 கி.மீ. காற்று இருந்தால் ஒரு பக்கம் 4½ மணி, மறுபக்கம் 5 மணி 37 நிமிடம். மொத்தத்தில் 7 நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

நேர்த்தூரத்தை விட்டுவிட்டுக் காற்றைத் தேடிப் போவதும் உண்டு. சிங்கப்பூர்–நியூயார்க் நேரடி விமானத்துக்கு நேர்த்தூரம் சுமார் 15,350 கி.மீ., அந்தக் கோடு வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. ஆனால் நியூயார்க்குக்குப் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக்கின் மேலே கிழக்குப் பார்த்துப் பறக்கிறது. கிலோமீட்டர் கூடினாலும் காற்று தள்ளுவதால் நேரமும் எரிபொருளும் மிச்சம்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வானில் பறக்கும் நேரம் அல்ல. கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறுபக்கம் கேட்டில் வந்து நிற்பது வரை உள்ள நேரம் அது, பிளாக் டைம் என்பார்கள். நெரிசலான நிலையங்களில் நிறுவனங்கள் அதில் கொஞ்சம் உபரி நிமிடங்களையும் சேர்த்துவைக்கும், கொஞ்சம் தாமதமானாலும் கணக்கில் நேரத்துக்கு வந்ததாகிவிடும். "காற்று சாதகமாக இருந்ததால் அரை மணி முன்னதாகவே இறங்குகிறோம்" என்று விமானி சொல்லும்போது பாதிப் புண்ணியம் அட்டவணை போட்டவருக்குப் போக வேண்டும். உண்மை நிலவரம் வேண்டுமென்றால் ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரம் அது எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். நாம் இதுவரை போட்ட கணக்கையெல்லாம்விட அதுதான் நம்பகமானது.

ஐந்தாம் படி: இரண்டு கடிகாரங்கள்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இரண்டையும் நேரடியாகக் கழிக்கக் கூடாது. முதலில் இரண்டையும் உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் நியூயார்க்கில் நண்பகல் 12 மணிக்குக் கிளம்புகிறீர்கள், பயணம் 14 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க் குளிர்காலத்தில் யுடிசியைவிட 5 மணி நேரம் பின்னால், எனவே கிளம்புவது யுடிசி 17:00. 14 மணி சேர்த்தால் மறுநாள் 07:00. டோக்கியோ 9 மணி நேரம் முன்னால், அதனால் அங்கே மறுநாள் மாலை 4 மணி. ஆரம்பத்தில் சொன்ன அந்த 28 மணி நேரம் இப்படி வந்ததுதான். திரும்பும்போது டோக்கியோவில் மாலை 6 மணிக்குக் கிளம்பினால் யுடிசி 09:00. 13 மணி நேரம் பறந்தால் 22:00. நியூயார்க்கில் அதே நாள் மாலை 5 மணி. கிளம்பிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்கிறீர்கள். சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டினால் இப்படித்தான். டிக்கெட்டில் சேரும் நேரத்தின் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். அதைக் கவனிக்காமல் விடுதியை ஒரு நாள் முன்னதாகவே பதிவு செய்து பணத்தை விடுபவர்கள் உண்டு.

எல்லா ஊர்களும் முழு மணிக்கணக்கில் வித்தியாசப்படுவதில்லை. இந்தியா யுடிசியைவிட 5:30 முன்னால், நேபாளம் 5:45. கோடைக்கால நேர மாற்றம் இன்னொரு தொல்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறுதான். அந்த இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணிக்குப் பதில் 4 மணி வித்தியாசம். தென்கோளத்தில் பருவமே தலைகீழ் என்பதால் சிட்னிக்கும் லண்டனுக்கும் ஆண்டுக்குள் 9, 10, 11 என்று மூன்று விதமாக மாறும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பயணத் தேதிக்குரிய வித்தியாசத்தைப் பாருங்கள், இன்றைய வித்தியாசத்தை அல்ல.

நள்ளிரவு விமானங்களில் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 15-ஆம் தேதி 00:20 என்று போட்டிருந்தால் 14-ஆம் தேதி இரவே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15 இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.

ஆறாம் படி: மாறிப் போவதானால்

ஒவ்வொரு பகுதிக்கும் தூரத்தைத் தனியாகப் பார்த்துக் கூட்டுங்கள், சுற்று எவ்வளவு என்று தெரிந்துவிடும். லண்டன்–சிட்னி நேர்த்தூரம் சுமார் 17,000 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் 17,200-ஐ ஒட்டி, துபாய் வழியாக 17,550, லாஸ் ஏஞ்சலஸ் வழியாக 20,800. முதல் இரண்டும் சுற்றே இல்லை என்று சொல்லலாம். மூன்றாவதைப் பெரிய விலைக்குறைப்பு இல்லாமல் நான் தொட மாட்டேன். அமெரிக்காவில் விமானம் மாறினால்கூடக் குடிவரவுச் சோதனையைக் கடந்துதான் ஆக வேண்டும், அதற்குரிய விசாவோ அனுமதியோ வேண்டும்.

காத்திருக்கும் நேரம் குறைவாக இருந்தால் நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் மாறிப் போவதற்கான குறைந்தபட்ச நேரம் என்று ஒன்று வகுத்திருக்கிறார்கள். தளங்கள் அந்த விளிம்பு வரை டிக்கெட் விற்கும். முதல் விமானம் அரை மணி தாமதமானாலே ஓட வேண்டியதுதான். ஒரே டிக்கெட்டில் இரண்டு பகுதியும் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு, அப்போதும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், தவறவிட்டால் பணமும் போகும். அதற்கு நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம். நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏறுவதுபோல் நிலையமே மாறினால் இன்னும் கூடுதல்.

டைரக்ட் என்று போட்டிருந்தால் இடையில் நிற்காது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே விமான எண்ணில் நடுவே ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் அதை டைரக்ட் என்றே விற்பார்கள். நிற்காமல் போக வேண்டுமானால் நான்-ஸ்டாப் என்று இருக்க வேண்டும்.

கடைசிப் படி: வாசலிலிருந்து வாசல் வரை

சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடும். இறங்கியபின் குடிவரவு, பெட்டி, சுங்கம் என்று ஒன்றரை மணி. இரண்டு பக்கமும் ஊருக்குள் போய்வர ஒரு மணி என்று வைத்தாலும் நம் 14 மணி நேரப் பயணம் இருபது மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இறங்கிய அன்றே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அழைத்துப்போக வருபவருக்கு வந்து சேரும் நேரத்தை மட்டும் சொன்னால் போதாது, விமான எண்ணையும் கொடுங்கள். கூடவே நீங்கள் கிளம்பும் ஊரின் தேதியையும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் விமானத்தைப் பின்தொடரும் தளங்கள் புறப்பட்ட தேதியின் கீழ்தான் அதைக் காட்டும்.